நோராவிடம் சொன்னது

பரசுராமன் வீட்டில் எதுவும் ரகசியமாக இருந்ததில்லை. எம்.கே.பி. நகர் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் அவர் மனைவி சொக்கம்மாள் சோறு போடட்டுமா என்று கேட்டால், கீழே குழாயடியில் நிற்கிற பெண்களே போடச் சொல்லிப் பதில் கொடுப்பார்கள். அவ்வளவு சத்தம் போட்டால்தான் அவருக்கு எட்டும். துறைமுகத்தில் கப்பலின் துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்க்கிற வேலை அவருக்கு. சிப்பிங் என்பார்கள். கப்பலின் வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டு தட்டினால் சத்தம் கடலோடு போய்விடும். அடித்தொட்டிக்குள் இறங்கி ஏழெட்டுப் பேர் ஒன்றாகத் தட்டும்போது அதற்குப் போக வழி கிடையாது, உள்ளே இருக்கிறவர்களின் காதுக்குள்தான் போயாக வேண்டும். நாற்பது வயதைத் தாண்டுவதற்குள் அவர் காது பாதிக்கு மேல் போய்விட்டது.

அந்த வீட்டில் கத்தாமல் அவரோடு பேசத் தெரிந்தவள் மகள் செங்கொடி ஒருத்திதான். எதிரே உட்கார்ந்து, உதட்டை நன்றாக அசைத்து, மெல்லப் பேசுவாள். அவர் அவள் வாயையே பார்த்துத் தலையாட்டுவார். சிறு வயதில் தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது அவளையும் தூக்கிக்கொண்டு போவார். மேடையில் பேசுகிறவர் சொல்வதை அப்பா மடியில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பி ஒவ்வொன்றாகச் சொல்வாள். மற்ற தொழிலாளிகள் அதைப் பார்த்துச் சிரித்தாலும் அவளுக்குப் பெருமையாக இருக்கும். அம்மா கத்த வேண்டும், தம்பி கத்த வேண்டும், தனக்கு மட்டும் கத்த வேண்டாம் என்பதை அவள் யாருக்கும் விட்டுத்தராத சொத்தாக வைத்திருந்தாள்.

பன்னிரண்டாவது முடித்ததும் காதுக்கும் பேச்சுக்குமான படிப்பு என்று ஒன்று இருப்பதாகச் சங்கத்துக்காரர் ஒருவர் சொல்ல, அவள் அதில் சேர்ந்தாள். இரண்டாம் வருடம் வகுப்பில் காது கேட்கும் அளவைக் குறிக்கிற ஒரு வரைபடம் காட்டினார்கள். ஒரே சீராக வந்த கோடு, சன்னமான ஓசைகள் இருக்கும் பக்கம் போனதும் பள்ளத்தில் விழுந்தது. இரைச்சலில் வேலை செய்கிறவர்களின் காது இப்படித்தான் இருக்கும் என்றார் மேடம். செங்கொடிக்கு அது யாருடைய காது என்று தெரிந்தது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து, பரிசோதனைக்கு வா நைனா என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "எனக்கு இன்னா கேக்கல?" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. மாதத்துக்கு ஒரு தரமாவது கேட்டுப் பார்த்தாள். காதில் மிஷின் மாட்டிக்கொண்டு போனால் கூட வேலை செய்கிற கேங்கில் செவிடன் என்று பெயர் வைத்துவிடுவார்கள் என்று ஒருமுறை சொன்னார். மற்ற சமயங்களில் எழுந்து போய்விட்டார். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

அவள் கடைசி வருடத்தில் இருந்தபோது, இரண்டாயிரத்து நான்கில், கனடாவிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். அவர்களும் அதே படிப்புத்தான். வேறு நாட்டு மக்களிடையே மூன்று வாரம் வேலை செய்து பழகினால் அவர்கள் கல்லூரியில் அதற்கு மதிப்பெண் உண்டாம். ராயபுரத்தில் துறைமுகத் தொழிலாளர் சங்கக் கூடத்தைக் காது பரிசோதனை முகாமுக்குக் கேட்டு வாங்கினார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் இங்கிருந்து ஒரு மாணவி துணை. செங்கொடிக்கு நோரா என்ற பெண் வாய்த்தாள்.

நோராவிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் செங்கொடிக்குப் பெரிய குறையாக இருந்தது. முதல் நாளே அவள் வெயிலில் சிவந்து போய் வந்தாள், ஆனால் முகம் சுளிக்கவில்லை. காதுக்குள் பார்க்கிற விளக்கு அவளுக்கென்று ஒன்று இருந்தது, பிடியில் அவள் பெயரும் பொறித்திருந்தது. செங்கொடியின் வகுப்பில் அந்த விளக்கு மொத்தமே இரண்டு. அதற்கு வரிசையில் நின்று பழகிய கைகளால் நோராவின் விளக்கைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் அவள் விரலில் உறுத்தியது. மேடம் நோராவுக்காகத் தன் வீட்டிலிருந்து மோர் கொண்டுவந்தார். தன் சொந்த மாணவிகள் தண்ணீர் குடித்தார்களா என்று அவர் கேட்டு செங்கொடி பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் நோரா "நல்லா இருக்கீங்களா" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். கூடமே கைதட்டியது. செங்கொடி மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்து, காலையிலிருந்து மாலை வரை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். அதற்கு யாரும் தட்டவில்லை.

தொழிலாளிகளும் அப்படித்தான். பக்கத்து மேஜையில் அவளுடைய தோழி ரிஃபானா காலியாக உட்கார்ந்திருப்பாள், ஆனால் கூட்டம் வெள்ளைக்கார டாக்டரம்மாவின் மேஜைக்குத்தான் வரும். தண்டையார்பேட்டைக்காரியான ரிஃபானா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நமக்கு வேலை குறைச்சல் என்று சொல்லிப் பிஸ்கட் சாப்பிட்டாள். செங்கொடியால் அப்படி விட முடியவில்லை. தன் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்துவிடக்கூடிய இந்த இடம் நோராவுக்கு அனுபவமாம், மதிப்பெண்ணாம். இதே புகையிலும் புழுதியிலும் பிறந்து வளர்ந்ததற்குத் தனக்கு யார் மதிப்பெண் போடுவார்கள் என்று மனதுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

நான்காம் நாள் மதியம் வரிசையில் அவள் அப்பா நின்றார்.

பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டை போட்டுத் தலையைப் படிய வாரியிருந்தார். வருவதாக வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று முதலில் நினைத்தாள். அவர் அவள் பக்கம் பார்க்காமல், தன் முறை வந்ததும் நோராவின் எதிரில் போய் உட்கார்ந்து, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். எத்தனை முறை கெஞ்சியிருப்பாள். தனக்கு வராதவர் இவளிடம் வந்து பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நோரா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு செங்கொடியைப் பார்த்தாள்.

இவர் என் அப்பா என்று அப்போது சொல்லியிருக்கலாம். செங்கொடி சொல்லவில்லை. மற்றவர்களிடம் கேட்கிற அதே குரலில், "உங்க பேரு?" என்றாள்.

அவர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "பரசுராமன்மா" என்றார்.

அதன் பிறகு இருவருமே அந்த நடிப்பிலிருந்து பின்வாங்கவில்லை. நோரா இங்கிலீஷில் கேட்க, செங்கொடி தமிழில் கேட்க, அவர் கேள்விக்கு மட்டும் மகள் வாயைப் பார்த்துவிட்டு, நோராவைப் பார்த்தே பதில் சொன்னார். நோரா எதையும் அவசரமாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருந்தாள், புரியாத மொழியில் அவர் பேசும்போதும் அவர் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. காதில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கேட்டாள்.

"எப்பவும் விசிலு ஊதிக்கினே கீதும்மா" என்றார் பரசுராமன். "எல்லாரும் தூங்கிட்டா ஜாஸ்தி. எத்தினியோ நாளு எழுந்து ஒக்காந்துகினு கீறேன்."

எவ்வளவு காலமாக என்று நோரா கேட்டாள். மகள் பிறந்த வருடத்திலிருந்து என்றார். செங்கொடியின் இங்கிலீஷ் அங்கே ஒருமுறை தடுமாறியது. அவளுடைய வயது முழுக்க அந்த விசில் அதே வீட்டில் ஊதியிருக்கிறது. அவளுக்குத் தெரியாது, சொக்கம்மாளுக்கும் தெரியாது. இந்த ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆகாத பெண்ணுக்கு இப்போது தெரியும்.

கடைசியாக நோரா, வீட்டில் யார் பேசுவது கேட்பதற்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டாள்.

"எம் பொண்ணுதான்" என்றார் அவர். "வூட்டுக்காரி கத்துவா, காதுல வுழுந்துரும். பொண்ணு சன்னமாப் பேசும். நானும் வாயப் பாத்துகினு தலய ஆட்டிருவேன். பாதி புர்ல. சொன்னா அதுக்கு மனசு கஷ்டமாப்பூடும்னு வுட்டுட்டேன்."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் நோராவையும் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தார்.

நோரா காத்திருந்தாள். செங்கொடியின் காதில் கூடத்து இரைச்சல் எல்லாம் நின்றுபோனது. மடியில் உட்கார்ந்து சொன்ன கூட்டப் பேச்சுகள், பள்ளிக்கூடக் கதைகள், பரீட்சை எழுதிவிட்டு வந்து சொன்னவை, எல்லாவற்றுக்கும் அந்தத் தலை ஆடியிருக்கிறது. எது புரிந்தது, எது புரியாதது என்று இனி எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தப் பதிலை அப்படியே இவளிடம் தூக்கிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"மனைவி" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

நோரா எழுதிக்கொண்டாள். பிறகு பரிசோதனை செய்து, காதுக்குள் மாவு போன்ற பசையை வைத்து அச்சு எடுத்தாள். அடுத்த வாரம் மிஷின் மாட்டும்போது மனைவியையும் அழைத்து வரச் சொன்னாள். இதையும் செங்கொடிதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அவள் வாயைப் பார்த்துத் தலையாட்டினார். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் அந்தத் தலையாட்டலை நம்பவில்லை.

வீட்டில் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் சாப்பிட்டார், அவள் குழம்பு ஊற்றினாள். ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொக்கம்மாள் மட்டும் கத்திக்கொண்டிருந்தாள்.

மிஷின் மாட்டுகிற நாளில் சொக்கம்மாள் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி வந்தாள். நோரா பரசுராமனின் காதுக்குப் பின்னால் சின்ன மிஷினை வைத்து, அச்சைப் பொருத்தி, ஏதோ திருகினாள். அவர் கண்கள் பெரிதாயின. மின்விசிறி, நாற்காலி இழுபடுவது, யாரோ இருமுவது, ஒவ்வொன்றையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இப்போது அவர் மனைவியை மெதுவாகப் பேசச் சொல் என்றாள் நோரா.

சொக்கம்மாளுக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமே போய்விட்டிருந்தது. "இன்னாய்யா, கேக்குதா?" என்று வழக்கம்போல ஒரு சத்தம் போட்டாள். பரசுராமன் துள்ளி எழுந்து மிஷினைப் பிடுங்கிவிட்டார். கூடம் முழுக்கச் சிரிப்பு. நோராவும் சிரித்தாள், ஆனால் அவள் புருவம் சுருங்கியது. இவ்வளவு பெரிய குரல் எப்படிக் கேட்காமல் போகும் என்று செங்கொடியிடம் கேட்டாள்.

செங்கொடி பதில் தேடுவதற்குள் சொக்கம்மாள் அவள் தாடையைப் பிடித்து நோராவின் பக்கம் திருப்பி, கணவர் சட்டையையும் மகள் தோளையும் மாறி மாறித் தட்டினாள். இதைப் பேசச் சொல்லு, இதுதான் எங்க வூட்ல சன்னமாப் பேசும் என்றாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நோராவின் முகம் கழுத்து வரை சிவந்தது. உன் அப்பாவா என்று மட்டும் கேட்டாள். அன்றைக்குச் சொன்ன பதிலைப் பற்றி ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். அவள் கோபப்பட்டிருந்தால் செங்கொடிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நோரா மிஷினை மறுபடி மாட்டி, சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுத் தன் நாற்காலியை விட்டு எழுந்தாள். செங்கொடியை அதில் உட்கார வைத்தாள். ஒரு வெள்ளை அட்டையைக் கையில் கொடுத்து, உதடு தெரியாதபடி பிடித்துக்கொண்டு எது வேண்டுமானாலும் பேசு என்றாள்.

அட்டைக்கு அந்தப் பக்கம் அப்பாவின் கண்கள் மட்டும் தெரிந்தன. பார்க்க உதடு இல்லாமல் அவை அலைந்தன. செங்கொடி எப்போதும் பேசுகிற அளவிலேயே பேசினாள்.

"இவ்ளோ நாளும் சும்மா தலயாட்டுனியா நைனா?"

அவர் கண்கள் நின்றன. "ஆமா" என்றார்.

என்ன கேட்டாள், என்ன சொன்னார் என்று நோராவுக்குத் தெரியாது. பதில் வந்ததைப் பார்த்துக் கைதட்டினாள். கூடமும் சேர்ந்து தட்டியது. யாரோ புகைப்படம் எடுத்தார்கள். அட்டையை இறக்காமலே செங்கொடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

வந்தவர்கள் கிளம்புவதற்கு முன்னால் கல்லூரியில் ஒரு விழா வைத்தார்கள். நோரா அந்தப் படத்தைத் திரையில் காட்டிப் பேசினாள். இந்த மனிதரிடமிருந்து நான் கற்றதை எந்த வகுப்பிலும் கற்றிருக்க முடியாது என்றாள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த செங்கொடிக்குத் தன் அப்பாவை யாரோ பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றுவது போல இருந்தது. போகும்போது நோரா அவளைக் கட்டிப்பிடித்தாள். செங்கொடியின் கைகள் அவள் முதுகுவரை போகவில்லை.

வீட்டில் நோரா பேச்சு அதற்குப் பிறகுதான் அதிகமாகியது. பரசுராமன் மிஷினோடு கேங்குக்குப் போனார். யாரும் செவிடன் என்று சொல்லவில்லை, கழற்றி வாங்கித் தங்கள் காதில் வைத்துப் பார்த்தார்கள். அவர் நோராம்மா கதையை ஒவ்வொருவரிடமும் சொன்னார். அந்தப் பொண்ணு கை பட்டதே தெரியாது என்பார். மாடிக்கு வருகிறவர்களிடமெல்லாம், அது எவ்வளவு பொறுமை என்பார். நோரா மறுபடி எப்போது வரும் என்று மகளிடமே கேட்டார். தெரியாது என்று அவள் சொல்லும் குரலில் இருந்த கசப்பு இப்போது அவருக்குக் கேட்டிருக்கும், ஆனாலும் மறுநாளும் கேட்டார்.

மழைக்காலத்தில் மிஷின் நின்றுபோனது. அவர் அதை ஒரு பொடி டப்பாவில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டார். அடுத்த வருடம் அவர்கள் வருவார்களாம், அப்போது காட்டுவாராம். செங்கொடி அந்த டப்பாவைத் தினமும் பார்த்தாள். மிஷினிலிருந்து அச்சுக்குப் போகிற சின்னக் குழாயில் ஈரம் கோத்திருக்கும், ஐந்து நிமிட வேலை என்று அவளுக்குத் தெரியும். அவராகக் கேட்கட்டும் என்று இருந்தாள். அவர் கேட்கவில்லை. சொக்கம்மாள் பழையபடி கத்த ஆரம்பித்தாள். அவள் தொண்டை கட்டிப்போய் வெந்நீர் குடிக்கிற நிலைமை வந்தும் மகளும் அப்பாவும் இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரசுராமன் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். செங்கொடி துணி எடுக்கப் போனாள். அவளைப் பார்த்ததும் அவர் வழக்கம்போல அவள் வாயைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. துணியைக் கீழே போட்டுவிட்டு, பிறந்ததிலிருந்து செய்யாததைச் செய்தாள். அம்மாவைப் போலவே கத்தினாள்.

"ஏன் நைனா அவகிட்ட சொன்ன? எங்கிட்ட ஏன் சொல்லல?"

கீழே குழாயடியில் பேச்சு நின்றது. எதிர் பிளாக்கில் ஒரு ஜன்னல் திறந்தது. பரசுராமன் இதற்குக் காத்திருந்தவர் மாதிரி ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"அது போய்டும்மே" என்றார். "போறவங்ககிட்ட இன்னா வேணா சொல்லிரலாம். உங்கிட்ட சொன்னா, நீ தெனம் என் மூஞ்சியப் பாத்துகினு அதையே நெனச்சிகினு கெடப்ப. அப்பால..." கீழே கிடந்த துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீ வந்து கேட்டப்பல்லாம், பொண்ணா கேக்கிறியா, படிக்கிற புள்ளயா கேக்கிறியான்னு எனக்குத் தெர்ல."

இதைக் கேட்டு அவள் மனம் ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. முதல் பாதி ஆறுதலாக இருந்தது. இரண்டாம் பாதி பல நாள் தைத்தது. இரண்டாம் வருடத்தில் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தவள் யார் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் எழுந்து போய் டப்பாவை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார். அவள் குழாயைக் கழற்றி ஊதி, ஈரத்தைத் துடைத்து, வேறு பேட்டரி போட்டு மாட்டினாள். மிஷின் கீச்சென்று கத்தியது.

"அந்தப் பொண்ணு வெச்சா இப்டி கத்தாது" என்றார்.

செங்கொடி உதட்டைக் கடித்துக்கொண்டு கழற்றி மறுபடி மாட்டினாள். மூன்றாவது தடவை சரியாக உட்கார்ந்தது. பிறகு அவளே புதிதாக அச்சு எடுத்தாள். சில வருடம் கழித்து வந்த அடுத்த மிஷினையும் அவளே மாட்டினாள். அதற்கும் அவர் குறை சொன்னார். காதில் ஊதுகிற விசிலைப் பற்றி மட்டும் இப்போது அவளிடம் சொல்வார், இன்றைக்கு ஜாஸ்தி, இன்றைக்குப் பரவாயில்லை என்று, வெயிலைப் பற்றிச் சொல்வது போல.

படிப்பு முடிந்து செங்கொடி திருவொற்றியூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் காது பிரிவில் சேர்ந்தாள். வருடா வருடம் வெளிநாட்டு மாணவர்கள் அங்கேயும் வந்தார்கள், ஏற்பாடெல்லாம் அவள் பொறுப்பு. மொழிபெயர்க்க வருகிற கல்லூரிப் பிள்ளைகளிடம் அவள் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வாள். வருகிறவர் சொந்தக்காரராகவோ ஒரே தெருக்காரராகவோ இருந்தால் வேறு ஆளை மொழிபெயர்க்க விடு. கூட வந்தவர்களை வெளியே உட்கார வை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, சொன்னதைச் செய் என்பாள்.

ஒருமுறை காத்திவாக்கத்திலிருந்து கஸ்பார் என்ற மீனவர் வந்தார். விசைப்படகு இன்ஜின் பக்கத்திலேயே பல வருடம் உட்கார்ந்து காது போனவர். உள்ளே ஒரு வெளிநாட்டுப் பையன் அவரிடம் பேசிக்கொண்டிருந்தான். வெளியே பெஞ்சில் அவர் மனைவி இருதயம்மாள் நிலைகொள்ளாமல் இருந்தாள். உள்ளேயிருந்து கஸ்பார் சிரிக்கிற சத்தம் வந்தது.

"வூட்ல வாயத் தொறக்க மாட்டாரு" என்றாள் இருதயம்மாள். "அந்தப் பையங்கிட்ட அப்டி இன்னாதான் பேசிகினு கீறாரு?"

செங்கொடி இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை அவளிடம் கொடுத்தாள். வைத்திய விஷயமாகப் பேசுகிறார்கள், வந்துவிடுவார் என்று சமாதானம் சொன்னாள். சொல்லிக்கொண்டே, கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே தெரிகிற மாதிரி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். இருதயம்மாளும் அவள் பக்கம் நகர்ந்தாள்.